ஐந்து நாள் வந்து சாட்சி சொல்வது ஊழியமா, உபத்திரவமா?

தாம்பரம் எஸ்தர் | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபை வாலிபர் குழு ஆண்டுதோறும் ஐந்து நாள் ஊழியப் பயணம் போகிறது. கடந்த மே மாதம் 22 பேர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். பகலில் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தோம். அதன் பின்புறம் அடைபட்டுக் கிடந்த வடிகாலைத் தூர்வாரினோம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். இருட்டுவதற்கு முன் இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தோம். யாரிடமும் உங்கள் சாமி பொய் என்று சொல்லவில்லை. ஞானஸ்நானம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவரவர் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னோம். அதைத்தான் நாங்கள் சாட்சி என்கிறோம்.

டிசம்பரில் மறுபடி போவதாகத் திட்டம். இந்த வாரம் அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் குழுத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, "வேலை செய்ய வாருங்கள், கதை சொல்ல வராதீர்கள்" என்று சொல்லிவிட்டார். குழுவில் பாதிப் பேருக்கு மனம் விட்டுப்போயிற்று.

என் கேள்வி இதுதான். தன் வாழ்க்கையில் நடந்ததை ஒருவர் சொல்வதில் என்ன தவறு? என் கருத்தை நீங்கள் மறுக்கலாம், உங்கள் கருத்தை நான் மறுக்கலாம். நடந்ததை யார் மறுப்பது? அப்பா குடித்தார். வீடு நொறுங்கியது. நான் ஜெபித்தேன். அவர் குடியை விட்டார். எந்த வைத்தியரிடம் போய்க் குணமானது என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமலா இருக்கிறோம்?

வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 10.02

சகோதரி, நான் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரன், பள்ளி ஆசிரியர். தொலைபேசியில் பேசியவர் எனக்குத் தெரியாதவர். ஆனால் அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து வழிமொழிகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது. எங்கள் தோப்பில் 82 தென்னை. விடிந்து பார்த்தபோது ஒன்பது நின்றன. ஊருக்கு மின்சாரம் வர ஒரு மாதம் ஆயிற்று. நான்காம் நாள் ஒரு குழு லாரியோடு வந்தது. யார் என்பது இங்கே வேண்டாம். பள்ளி மைதானத்தில் வரிசை நிற்க வைத்தார்கள். குடும்பத்துக்குப் பத்துக் கிலோ அரிசி, ஒரு தார்ப்பாய், மெழுகுவத்தி. டோக்கனைக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் ஒருவர் ஒலிபெருக்கியில் தன் கதையைச் சொன்னார். சூதாட்டம், கடன், தூக்குக் கயிறு வரை போனது, பிறகு கிடைத்த வெளிச்சம். கதை முழுக்க உண்மையாகவே இருக்கட்டும். என் அம்மா டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடு பறந்த வீட்டில் என் தங்கையின் கைக்குழந்தை கிடந்தது. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் லாரியில் இருந்தது. அம்மா வானத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எழுந்து போக முடியாதவரை உட்கார வைத்துச் சொல்லும் கதைக்குச் சாட்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

நாங்கள் அரிசி கொடுக்கவில்லை, வெள்ளைதான் அடித்தோம் என்பீர்கள். அளவு சிறியது, கணக்கு அதேதான். நமக்காக வெயிலில் வேலை செய்த பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும்போது "வேண்டாம், போங்கள்" என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாய் விரிப்போம், மோர் கொடுப்போம், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவோம். நீங்கள் திரும்பிப் போய் அந்தத் தலையாட்டலை எண்ணிச் சபையில் அறிக்கை வாசிப்பீர்கள்.

உழவாரம் | ஞாயிறு, காலை 6.40

நான் திருப்புகலூர்க்காரன், சைவன். இந்த இழையில் எஸ்தரம்மா பக்கம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் இருபது பேர் வேன் பிடித்துக்கொண்டு ஏதாவது பழைய கோயிலுக்குப் போகிறோம். மதிலில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவோம், பிராகாரத்தில் புல் செதுக்குவோம், எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைப் புளி போட்டுத் துலக்குவோம். இதற்கு உழவாரப்பணி என்று பெயர். இந்த வழக்கம் யாரிடமிருந்து வந்தது? அப்பரிடமிருந்து. அவர் யார்? சமணத்தில் தருமசேனர் என்று பெரிய பதவியில் இருந்தவர். சூலை நோய் குடலைப் புரட்டியெடுத்தபோது இரவோடு இரவாக அக்கா திலகவதியாரிடம் வந்து விழுந்தார். திருவதிகையில் பாடினார், நோய் தீர்ந்தது. அந்த முதல் பதிகத்தில் இருப்பது தத்துவ விளக்கம் இல்லை. அவருடைய வயிற்றுவலி இருக்கிறது. அதன்பின் உழவாரப்படையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். எங்கள் ஊரில்தான் முக்தியடைந்தார்.

ஆகையால், தன் துன்பத்தையும் அது தீர்ந்த விதத்தையும் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போவது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். அது இந்த மண்ணில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடப்பது.

எனக்குப் பொறுக்காதது வேறு. தாய் தகப்பன் நடவுக்கோ நூறுநாள் வேலைக்கோ போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வது. பெரியவரிடம் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் எதிர்க்கேள்வி கேட்பார். ஏழு வயதுப் பிள்ளை என்ன கேட்கும்? மிட்டாய் கேட்கும்.

கரந்தை | ஞாயிறு, காலை 8.15

இவ்வளவு பேச்சே வேண்டாம். மதப் பிரசாரம் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் முடிந்தது.

குடந்தை வழக்கறிஞர் | ஞாயிறு, காலை 9.30

கரந்தை நண்பருக்கு: தவறான தகவல். அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: தன் மதத்தின் கொள்கையை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று ஒன்று கிடையாது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அதைக் கொண்டுவந்த அரசே விலக்கிக்கொண்டது. வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து மதப் பணி செய்தால் அது விசா விதிமீறல். தாம்பரத்திலிருந்து வருகிறவருக்கு அது பொருந்தாது.

எஸ்தர் செய்தது குற்றமில்லை. சட்டம் அதோடு நின்றுவிடும். வெண்ணாற்றங்கரை கேட்டது சட்டக் கேள்வியே இல்லை.

தாம்பரம் எஸ்தர் | ஞாயிறு, மதியம் 2.20

ஆராதனை முடிந்து வந்து இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன்.

வெண்ணாற்றங்கரை அண்ணா, உங்கள் அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதைச் செய்தவர்கள் என் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

உழவாரம் ஐயா, பிள்ளைகள் விஷயத்தில் அங்கன்வாடி அக்காவிடம் அனுமதி கேட்டோம். பெற்றோரிடம் கேட்கவில்லை. அது போதாது என்று இப்போது புரிகிறது.

ஆனால் "வேலை மட்டும் செய்யுங்கள்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வடிகாலில் இறங்கியபோது அந்தத் தெருப் பெண்கள் கேட்டார்கள், "எந்தக் கட்சி அனுப்பியது? எந்தக் கம்பெனி? ஏன் வந்தீர்கள்?" என்று. நான் என்ன பதில் சொல்வது? ஏன் வந்தேன் என்பதற்கான பதிலே என் சாட்சிதான். அதைச் சொல்லாதே என்றால், முகத்தை மூடிக்கொண்டு வந்து உதவிவிட்டுப் போ என்று பொருள். அதுதான் எனக்கு ஏமாற்று வேலையாகப் படுகிறது.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, மாலை 4.05

மன்னிப்பு உங்களிடமிருந்து வர வேண்டியதில்லை, தங்கை. ஆனாலும் கேட்டதற்கு நன்றி.

கேட்டால் பதில் சொல்லுங்கள். அதில் எனக்குத் தடையே இல்லை. கேட்காதவர் வீட்டு வாசலுக்கு மாலை ஆறு மணிக்குப் போவதைத்தான் சொல்கிறேன்.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது கைப்பொருளைக் கொட்டிக் கஞ்சித்தொட்டி வைத்தார். கஞ்சிக்கு வந்தவனிடம் எந்தக் கதையும் சொன்னதாகத் தெரியவில்லை. சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். கேட்காமலே ஊர் சொல்லும் சாட்சி அதுதான்.

இன்னொன்றும் உண்டு. எங்களுக்குப் பக்கத்து ஊரில் ஒரு குழு வந்து போன பிறகு மூன்று குடும்பம் சபையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் தலைக்கட்டு வரியைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். பஞ்சாயத்து கூடியது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. ஒரு கல்யாணம் முறிந்தது. ஐந்தாம் நாள் நீங்கள் வேன் ஏறிவிடுகிறீர்கள். ஆறாம் நாள் அந்த ஊரில் இருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஓடம்போக்கி | ஞாயிறு, இரவு 7.50

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தலைக்கட்டு வரி என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெண்ணாற்றங்கரை ஐயா, உங்கள் தாயாருக்கு நடந்தது அநியாயம். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் திருவாரூர்ப் பக்கம் எங்கள் தெருவிலும் மாரியம்மன் வரி வாங்கினார்கள். வரி எங்கள் தெருவுக்கு வரும், தேர் வராது. அந்த மூன்று குடும்பம் எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஊகிக்க முடிகிறது.

என் தாத்தா பண்ணையாள். பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் அவருக்குக் கதை இல்லை, முதுகில் இருந்தவை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எங்களைப் போன்ற கூலிக் குடும்பத்தார் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தேதி இரண்டு விதமாக வரும். காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போவார். வந்து, சோறுகூட உண்ணாமல் வெண்மணிக்கு பஸ் ஏறுவார். நினைவுத் தூணுக்குப் பூ வைத்துவிட்டு வந்துதான் எங்கள் வீட்டில் இலை போடுவார்கள்.

தாத்தா சபைக்கு வந்தது எப்படி? திருநெல்வேலிச் சீமையிலிருந்து சபை ஊழியரான ஓர் உபதேசியார் சைக்கிளில் வந்தாராம். நிறையப் பேசினாராம். பேசியது ஒன்றுகூடத் தாத்தாவுக்கு நினைவில்லை. "எங்கள் பானையில் மொண்டு குடித்தான்" என்பார். அது மட்டும்தான். எண்பது வயதிலும் அதைச் சொல்லும்போது கையைக் குவித்துக் காட்டுவார், எப்படிக் குடித்தார் என்று.

இதை அரிசிக்காக மாறியது என்கிறார்கள். மாறியதால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இருந்தால் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். கல்லூரி இடமும் வேலையும் போனது தெரிந்தே தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம். நட்டக் கணக்கு தெரியாமல் யாரோ சொன்ன கதைக்கு மயங்கிவிட்டார்கள் என்று எங்களைப் பற்றிப் பேசாதீர்கள். கேட்கவும் தெரியும், தள்ளவும் தெரியும்.

சபைக்குள் சாதி இல்லை என்றும் நான் சொல்லவில்லை. தஞ்சை அரசர் படையில் வீரராக இருந்து, பிறகு இந்தச் சீமை முழுக்கச் சுவிசேஷம் சொன்ன ராஜநாயக்கனுக்கு, அவர் பறையர் என்பதால் குருப்பட்டம் கொடுக்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் முழுக்கப் போய்விடவில்லை.

எஸ்தர் தங்கைக்கு ஒரே கேள்வி. அந்த ஐந்து நாளும் எங்கே தங்கினீர்கள்? எங்கே சாப்பிட்டீர்கள்? யார் வீட்டுத் தண்ணீர் குடித்தீர்கள்?

தாம்பரம் எஸ்தர் | ஞாயிறு, இரவு 8.30

அக்கா, திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். சமையல்காரரைச் சென்னையிலிருந்தே அழைத்துப் போனோம். தண்ணீர் கேன்களை வேனில் வைத்திருந்தோம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, வெளியில் எதையும் குடிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

வெண்ணாற்றங்கரை அண்ணா மோர் என்று எழுதியிருந்தார். எனக்கும் ஒரு வீட்டில் கொடுத்தார்கள். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.15

ஓடம்போக்கி சொன்னது சரி. அந்த மூன்று குடும்பமும் ஊருக்குக் கிழக்கே உள்ள தெருதான். தேர் அங்கே போவதில்லை. நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பஞ்சாயத்தில் வாயைத் திறந்ததில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் உங்கள் தாத்தா கதையே என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. அந்த உபதேசியார் சைக்கிளில் திரும்பத் திரும்ப வந்தவர். வெயிலிலும் மழையிலும் வந்தவர். பயணத் திட்டம் போட்டு வந்தவர் இல்லை.

பொறையாறு ஆசிரியர் | திங்கள், காலை 5.50

நான் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவன். 34 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றேன். தரங்கம்பாடிக் கடற்கரைக்கு மிதிவண்டியில் போய்வரும் தூரத்தில் என் வீடு.

1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சாவும், அப்போது டேனியர் வசம் இருந்த அந்தக் கரையில் இறங்கினார்கள். சீகன்பால்குக்கு வயது 23, மறுநாள் 24. எஸ்தர் வயதுதான் இருக்கும். வந்ததும் அவர் பிரசங்கிக்கவில்லை. முடியவும் முடியாது, மொழி தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். டேனியக் கோட்டைத் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719இல் 36 வயதில் இறந்தார். அவர் 1718இல் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். உங்கள் கடவுள் யார், எப்படி விரதம் இருக்கிறீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். பதிலாக வந்த கடிதங்கள் 99 ஜெர்மனியில் அச்சாயின. அவற்றில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் அசுத்தத்தையும் கடுமையாகச் சாடியவை உண்டு. அவற்றையும் அனுப்பி வைத்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து இந்த ஊழியத்தைத் தாங்கிய ஃபிராங்கே, புறமதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கில்லை என்று கிடப்பில் போட்டுவிட்டார். 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது.

அவர் தமிழர் வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்தவர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சொல்ல வந்தவர் முதலில் கேட்டார். எழுதி வைத்துக்கொண்டு கேட்டார்.

எஸ்தர், உன் வயதை ஒத்த மாணவிகளுக்குக் கற்பித்தவன் என்ற உரிமையில் ஒருமையில் எழுதுகிறேன். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பிசாசு பிடித்துக் கல்லறைகளில் திரிந்தவன் குணமாகிறான். இயேசுவோடு படகில் ஏறப் பார்க்கிறான். அவர் ஏற விடவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தாருக்குச் சொல் என்று அனுப்புகிறார். ஏன் என்று நான் பலகாலம் யோசித்தேன். நம்மை அறியாத ஊரில் சாட்சி சொல்வது எளிது. நம் வீட்டாரும் தெருவாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்ல முடியாது.

தாம்பரம் எஸ்தர் | செவ்வாய், இரவு 11.45

இரண்டு நாளாக எழுத வராமல் இருந்தேன். ஆசிரியர் ஐயாவின் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை.

பயிற்சியில் சாட்சியை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழக்கினார்கள். முன்பு எப்படி இருந்தாய், எப்போது ஆண்டவரைச் சந்தித்தாய், பிறகு என்ன மாறியது. கைக்கடிகாரம் வைத்துப் பழகினோம். "அப்பா குடியை விட்டார்" என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்து என்று ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார்.

அப்பா உண்மையாகவே விட்டார். பதினான்கு மாதம். பிறகு மறுபடி தொடங்கினார். இப்போதும் குடிக்கிறார். முன்பைவிடக் குறைவு, ஆனால் குடிக்கிறார். நான் மூன்று நிமிடத்துக்குள் அந்தப் பதினைந்தாம் மாதத்தைச் சேர்க்கவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கதை அந்த இடத்தில் நன்றாக முடிந்தது.

மே மாதம் மூன்றாம் நாள் மாலை ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தார். இடது கையில் ஓலையைப் பிடித்து, வலது கைக் கத்தியை ஒரே இழுப்பில் அடிவரை கொண்டுபோவார். பச்சை ஓலை ஒரு பக்கம் விழும், ஈர்க்கு மடியில் சேரும். விளக்குமாறு கட்டி விற்பாராம். நான் மூன்று நிமிடத்தைச் சொல்லி முடித்தேன். கத்தி நிற்கவே இல்லை. முடித்ததும் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "இப்போது குடிக்கிறாரா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "குடிக்கிறார் பாட்டி" என்றேன்.

அப்போதுதான் கத்தி நின்றது. "என் மகனும்தான்" என்றார். பிறகு அவர் பேசினார். கஜாவில் மரங்கள் விழுந்தது, மகன் திருப்பூர் போனது, மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போனது. அரை மணி நேரம் பேசினார். நான் ஒன்றும் சொல்லவில்லை; சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. கிளம்பும்போது ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "உன் அப்பனுக்கும் சேர்த்துச் செய்" என்றார்.

சபையில் அறிக்கை வாசித்தபோது இதை விட்டுவிட்டேன். அந்தப் பயணத்தில் ஆண்டவர் என்னோடு பேசிய ஒரே இடம் அதுதான் என்று இன்று நினைக்கிறேன். சாட்சி சொல்வதை நான் விடப்போவதில்லை. பதினைந்தாம் மாதத்தோடு சேர்த்துச் சொல்லப்போகிறேன். முதலில் எங்கள் சபையில், அப்பாவிடம் கேட்டுவிட்டு.

ஓடம்போக்கி | புதன், காலை 7.10

மோர் யார் வீட்டில் கொடுத்தார்கள், தங்கை?

தாம்பரம் எஸ்தர் | புதன், காலை 7.25

அதே பாட்டி, அக்கா. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

உழவாரம் | புதன், காலை 9.00

எஸ்தரம்மா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மதத்துக்கு நாங்கள் வரப்போவதில்லை. ஆனால் இப்படி ஒருவர் எங்கள் வாசலில் வந்து சொன்னால் உட்கார வைத்துக் கேட்போம். பிள்ளைகள் விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை | புதன், மாலை 5.30

என் நிலை மாறவில்லை. நிவாரணம், சேவை என்று வரும்போது அதோடு எந்த மதக் கதையும் வரக் கூடாது; வேலையும் சாட்சியும் ஒரே வேனில் வரக் கூடாது. ஓடம்போக்கி இதை ஏற்க மாட்டார் என்று தெரியும். எங்கள் ஊரில் தேர் போகாத தெருவைப் பற்றி அடுத்த திருவிழாக் கூட்டத்தில் பேசிவிட்டுத்தான் அவரோடு இதைத் தொடர எனக்கு யோக்கியதை.

எஸ்தர் தங்கைக்கு: டிசம்பரில் 22 பேர் வராதீர்கள். சம்பாப் பயிர் கதிர் வாங்கும் நேரம். மழை பிடித்தால் ராத்திரி முழுக்க வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருப்போம். யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமிருக்காது.

தாம்பரம் எஸ்தர் | சனி, காலை 10.15

டிசம்பர் பயணத்தை நிறுத்திவிட்டோம். எல்லோருக்கும் சம்மதம் இல்லை. இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

குழுத் தலைவரிடம் எண் வாங்கி அந்த ஊர்க்காரரிடம் நானே பேசினேன். ஈர்க்கு கிழிக்கும் பாட்டி என்றதும் தெரிந்துகொண்டார். பெயரும் சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தை அறுவடைக்குப் பிறகு நானும் ஒரு தோழியும் மட்டும் வரலாமா என்று பாட்டியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். நேற்று அழைத்தார். பாட்டி சொல்லியனுப்பியது: "வரச் சொல். அப்பனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்."

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று மாலை சொல்லப்போகிறேன்.

வெண்ணாற்றங்கரை | சனி, காலை 10.40

தாம்பரத்தில் இரவு மன்னை எக்ஸ்பிரஸ் நிற்கும். விடியற்காலை மன்னார்குடியில் இறங்கினால் திருத்துறைப்பூண்டிக்கு பஸ் உண்டு. மூன்று பேருக்கும் இப்போதே டிக்கெட் போட்டுவிடுங்கள், பொங்கலை ஒட்டி இடம் கிடைக்காது.